மகன் ஏறிய குதிரை

ஏப்ரல் 3, 2025, வியாழன். லிவர்பூல்

மான்செஸ்டரில் ரயில் ஏறி லைம் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் வந்து இறங்கும்போது மத்தியானம் இரண்டு மணி. நல்ல வெயில். நிழலில் ஒதுங்கினால் உடனே குளிர். இந்த நாட்டு ஏப்ரல் வெயிலை நம்பி ஸ்வெட்டரைக் கழற்றக் கூடாது என்று மகள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வந்த காரியம் சனிக்கிழமை நடக்கப் போகிற கிராண்ட் நேஷனல். எய்ன்ட்ரீ மைதானத்தில் 1839-இல் தொடங்கிய, தடை தாண்டி ஓடும் குதிரைப் பந்தயம். 34 குதிரைகள், 30 தடைகள், ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம். நான் கால்நடை மருத்துவராக முப்பத்திரண்டு வருஷம் அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கை வைத்ததெல்லாம் மாடு, எருமை, ஆடுதான். குதிரை வைத்தியம் வேப்பேரிக் கல்லூரியில் படித்ததோடு சரி. ஆனால் அங்கே அறுவை சிகிச்சை வகுப்பில் குளம்பு நோய் பாடம் எடுத்தபோது எங்கள் சார் சொன்ன ஒரு கதை நாற்பது வருஷமாக மனசில் கிடக்கிறது. குளம்புக்குள் இருக்கிற எலும்பிலேயே அழற்சி வந்த குதிரை. காசு கொடுத்து வாங்கிய மறுநாளோ என்னவோ நொண்டிக்கொண்டு நின்றது. அதைக் கடல் தண்ணீரில் நடக்கவிட்டு நடக்கவிட்டே தேற்றி, உலகத்திலேயே கஷ்டமான பந்தயத்தை மூன்று தடவை ஜெயிக்க வைத்தார் ஒருவர். குதிரையின் பெயர் ரெட் ரம். ஜெயித்த வருஷங்கள் 1973, 1974, 1977. இந்தக் கதையை மகளிடம் எப்போதோ சொல்லியிருக்கிறேன். அவள் மறக்காமல் ஜனவரியிலேயே டிக்கெட் வாங்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

முதல் நாளே தங்கும் இடத்தில் சிக்கல். பணம் கட்டி எடுத்திருந்த அறையை விடுதிக்காரர்கள் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பந்தய வாரத்தில் ஊரில் ஓர் அறை காலி கிடையாது. கிடைக்கிற ஒன்றிரண்டும் ஓர் இரவுக்கு நானூறு பவுண்டு. நம் பணத்தில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல். மகளுக்கு அழுகையே வந்துவிட்டது. வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். அவள் செய்த தப்பு இல்லை. ஆனாலும் தன்னுடைய சொந்தப் போனை எடுத்து நாலைந்து பேரிடம் பேசி, கடைசியில் தன் பாட்டியின் தோழி வீட்டில் இடம் வாங்கிக் கொடுத்தாள். மகல் என்ற ஊர், நகரத்துக்கு வடக்கே, எய்ன்ட்ரீயைத் தாண்டிப் போகும் அதே ரயில் பாதையில். ஓர் இரவுக்கு அறுபது பவுண்டு, காலைச் சாப்பாடு சேர்த்து. டாக்ஸி வரும்வரை எங்கள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு. தனியாக இருக்கிறார். கதவைத் திறந்ததும் என்னை 'க்வீன்' என்று கூப்பிட்டார். நான் திகைத்துப் போனேன். இந்த ஊரில் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம், காய்கறிக்காரர்கூட. நம் ஊரில் தெரியாத பெண்ணையும் 'வாங்க தாயி' என்பார்களே, அந்த மாதிரி. ராத்திரிக்கு ஸ்கவுஸ் வைத்திருந்தார். ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, காரட், வெங்காயம் எல்லாம் சேர்த்து மெல்லிய தீயில் குழையக் குழைய வேகவைத்த குழம்பு. பக்கத்தில் ஊறவைத்த பீட்ரூட்டும் ரொட்டியும். லிவர்பூல்காரர்களுக்கு ஸ்கவுசர் என்று பேர் வந்ததே இந்தக் குழம்பால்தான். காரம் கிடையாது, மிளகு மட்டும். பீட்ரூட்டின் புளிப்பு சேர்ந்ததும் நாக்குக்கு இதமாக இருந்தது. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

டிவியில் அன்று எய்ன்ட்ரீயில் நடந்த பந்தயங்களின் செய்தி. நாலு வயசுக் குதிரை ஒன்று தடையில் விழுந்து இறந்துவிட்டது. பெயர் வில்லி தெ ஹூவெல். அயர்லாந்துக் குதிரைப் பயிற்சியாளர் வில்லி மல்லின்ஸ் லாயத்துக் குதிரை என்றார்கள். அந்த அம்மா சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்து போய்க் கெட்டிலைப் போட்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி. சவுத்போர்ட்

இன்று பந்தயத்துக்குப் போகவில்லை. எனக்குக் கடல்தான் பார்க்க வேண்டியிருந்தது.

சவுத்போர்ட் கடற்கரையைப் பார்த்ததும் முதலில் ஏமாற்றம். கடலே இல்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் ஈர மணல், அதன் கடைசியில் வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கோடு. அதுதான் தண்ணீர். இங்கே கடல் இறங்கினால் அவ்வளவு தூரம் உள்வாங்கிவிடும். நீளமான பழைய பாலம் ஒன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. 2022 டிசம்பரிலிருந்து பழுதென்று மூடி வைத்திருக்கிறார்கள். வெயில் பளிச்சென்று இருந்தாலும் காற்று காதுக்குள் ஊசி குத்தியது.

மணலில் இறங்கி நடந்தேன். கால் புதையவில்லை. கெட்டியான மணல், ஆனால் குதிகாலுக்கு வலிக்காத கெட்டி. உட்கார்ந்து கையால் அழுத்திப் பார்த்தபோதுதான் எங்கள் சார் சொன்ன கதை முழுசாகப் புரிந்தது.

ரெட் ரம்மைத் தேற்றிய ஜிஞ்சர் மெக்கெய்ன் பெரிய லாயமும் புல்வெளியும் வைத்திருந்த ஆள் இல்லை. இந்த ஊரில் டாக்ஸி ஓட்டியவர்; பழைய கார் வாங்கி விற்றவர். கார்க் கடைக்குப் பின்னால்தான் லாயம். பயிற்சி கொடுக்கப் புல்தரை கிடையாது. இருந்தது இந்த மணல் ஒன்றுதான். குதிரைகளைத் தெரு வழியாக, சிக்னலில் நிறுத்தி, இங்கே கூட்டிவருவார். டிராக்டரில் பரம்புச் சட்டத்தைக் கட்டி இழுத்து மணலைச் சமப்படுத்திவிட்டு அதன்மேல் ஓடவிடுவார். அவருடைய டாக்ஸியில் சனிக்கிழமைதோறும் விருந்துக்குப் போய்வருகிற வாடிக்கைக்காரர் நோயல் லெ மேர் என்ற முதியவர். அவருக்கு எண்பத்து நாலு வயசாகும்போது, 1972-இல், அவருக்காக 6000 கினி (ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் மேலான பழைய பணக் கணக்கு) கொடுத்து ஒரு குதிரையை ஏலத்தில் எடுத்தார் மெக்கெய்ன். கூட்டிவந்து கடற்கரையில் ஓடவிட்டால் நொண்டுகிறது. கடலுக்குள் இறக்குங்கள் என்றார். இறால் பிடிக்கிறவர்கள் அந்தக் காலத்தில் குதிரை வண்டியைக் கடலுக்குள் ஓட்டிப் போவார்கள். கால் கெட்டுப் போன வண்டிக் குதிரைகள் தண்ணீரில் நின்று நின்றே குணமாவதைச் சின்ன வயசிலேயே அவர் பார்த்திருக்கிறார். ரெட் ரம் தண்ணீரை விட்டு ஏறி வந்தபோது நொண்டல் இல்லை.

உப்புத் தண்ணீருக்கு மந்திர சக்தி ஒன்றும் கிடையாது. குளிர்ந்த தண்ணீர் வீக்கத்தை வாங்கும், ரத்த ஓட்டத்தை மாற்றும். தண்ணீரில் நிற்கும்போது காலில் இறங்குகிற பாரம் குறையும். மெத்தென்ற மணல் குளம்புக்கு அதிர்ச்சி தராது. இதெல்லாம் நான் எழுத்தில் படித்தது. மெக்கெய்ன் வண்டிக் குதிரையைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். எங்கள் பக்கம் வாய்க்கால் சேற்றில் எருதை நிறுத்திக் கால் சூட்டை வாங்குகிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டம் வாங்கிய புதிதில் அவர்களை மதிக்காமல் பேசியிருக்கிறேன். அந்த நினைப்பு இன்று மணலில் நின்றபோது வந்தது.

நாயோடு வந்த ஒரு பெரியவர் நாங்கள் மணலைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்டு நின்றார். ரெட் ரம்மைத் தேடி வந்திருக்கிறோம் என்று மகள் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் போகும் வழியில் அந்தக் குதிரைக்குப் போலோ மிட்டாய் கொடுத்திருக்கிறாராம். அதன் உதடு உள்ளங்கையில் பட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது என்று கையை விரித்துக் காட்டினார்.

லார்ட் ஸ்ட்ரீட்டில் கண்ணாடிக் கூரை போட்ட பழைய கடைவீதிக்குள் ரெட் ரம்முக்குச் சிலை இருக்கிறது. பக்கத்து ஓட்டலில் இந்த ஊர்ப் பெயர் பெற்ற சின்ன இறாலை வெண்ணெயில் பதப்படுத்தி, சுட்ட ரொட்டியோடு தந்தார்கள். ஒன்பதரைப் பவுண்டு. ஜாதிக்காய் வாசனை. நம் ஊர் கூனி இறால் அளவுதான், தித்திப்பு அதிகம்.

சாயங்கால ரயிலில் எய்ன்ட்ரீயிலிருந்து திரும்புகிற பெண்கள் கூட்டம். வெள்ளிக்கிழமை பெண்கள் தினமாம். மஞ்சள், ரோஸ், பச்சை என்று பட்டுத் துணியும், தலையில் இறகுத் தொப்பியும், கையில் கழற்றிய செருப்புமாக ஏறினார்கள். ஒரு பெண் என் புடவை முந்தானையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் தொட்டாள். நாளைக்கும் இதையே கட்டிக்கொண்டு வா, ராசி என்றாள்.

ஏப்ரல் 5, சனி. எய்ன்ட்ரீ

புடவைதான் கட்டிக்கொண்டு போனேன், உள்ளே கம்பளிப் பனியனோடு.

வீட்டுக்கார அம்மா வரவில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஆனால் வருஷா வருஷம் போடுகிற பந்தயப் பணத்தைப் போட்டுவிட்டார்: ஈரோக்கோ என்ற குதிரை ஜெயிக்கும் என்று ஒரு பவுண்டு, முன்வரிசையில் வரும் என்று ஒரு பவுண்டு. செஷயர்க் குதிரை, நம்ம பக்கத்துப் பிள்ளை என்றார்.

ரயிலை விட்டிறங்கி ரோட்டைத் தாண்டினால் மைதானம். முதலில் ரெட் ரம்மைத்தான் தேடிப் போனேன். 1995 அக்டோபரில் முப்பது வயசில் இறந்த குதிரையை வெற்றிக் கம்பத்தின் அருகிலேயே புதைத்திருக்கிறார்கள். யாரோ பூ வைத்திருந்தார்கள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். மகள் போட்டோ எடுக்க வந்தாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டு விலை மிக அதிகம். வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் பதினாறு பவுண்டு. வீட்டிலிருந்து அந்த அம்மா கட்டிக்கொடுத்த முட்டை சாண்ட்விச்சைத்தான் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பெரிய பந்தயத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுகிற இடத்தில் கூட்டத்துக்குள் நெருக்கி இடம் பிடித்தேன். மற்றவர்கள் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார்கள். நான் கால்களைப் பார்த்தேன். முன்னங்காலின் பின்பக்கம் ஓடுகிற தசைநார்தான் இந்தக் குதிரைகளின் உயிர். அரை டன் எடை தடையைத் தாண்டி இறங்கும்போது ஒரு கணம் ஒரே முன்னங்காலில் நிற்கிறது. அந்த நார் ஒரு தடவை கிழிந்தால் ஆறுவதற்கு ஒரு வருஷம்கூட ஆகும், ஆறினாலும் பழைய பலம் வராது. ட்ரெய்னர் என்றால் விசிலோடு நிற்கிறவர் இல்லை. குதிரை வேறு ஒருவருக்குச் சொந்தம். அதற்குத் தீனி வைப்பதும், தினமும் எவ்வளவு ஓடவிடுவது, எந்தப் பந்தயத்துக்கு அனுப்புவது, எப்போது அனுப்பக் கூடாது என்று முடிவு செய்வதும் இவர். விடிந்ததும் லாயத்தில் கால்களைத் தடவிச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் அவர்களுடைய நாள் தொடங்கும்.

வில்லி மல்லின்ஸை அங்கேதான் பார்த்தேன். தொப்பி, நரைத்த முடி, மெல்லிய பேச்சு. 68 வயசு. அயர்லாந்தில் கார்லோ மாவட்டத்தில் க்ளோசட்டன் என்ற இடத்தில் லாயம். அவருடைய அப்பா பேடி மல்லின்ஸும் ட்ரெய்னர். சாம்பியன் ஹர்டில், செல்ட்னம் கோல்டு கப் என்ற இரண்டு பெரிய பந்தயங்களையும் ஜெயித்த ஒரே குதிரையான டான் ரன் அப்பாவின் லாயத்திலிருந்து வந்தது. மகன் 2005-இலும் போன வருஷமும் கிராண்ட் நேஷனல் ஜெயித்தவர். போன வருஷத்துக் குதிரை ஐ ஆம் மாக்ஸிமஸ் இன்றும் ஓடுகிறது. அவர் லாயத்திலிருந்து வேறு பல குதிரைகளும். அதில் நிக் ராக்கெட் என்ற எட்டு வயசுக் குதிரைமேல் ஏறப் போகிறவர் அவருடைய ஒரே மகன் பேட்ரிக். தொழில்முறை ஜாக்கி அல்ல. கூலி வாங்காமல் ஓட்டுகிற அமெச்சூர். மற்ற நாளில் அப்பாவுக்கு உதவியாளர்.

பேட்ரிக் மற்ற ஜாக்கிகளைவிட ஒரு தலை உயரம். அப்பா அவரிடம் என்னவோ சொன்னார், இரண்டு வாக்கியம்கூட இருக்காது. பிறகு மகனின் காலைப் பிடித்துச் சேணத்தில் தூக்கி உட்காரவைத்தது யார் என்று கூட்டத்தில் எனக்குத் தெரியவில்லை. அப்பாவாக இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்குத் தொடக்கம். முன்பெல்லாம் 40 குதிரைகள். போன வருஷத்திலிருந்து 34 ஆகக் குறைத்திருக்கிறார்கள். முதல் தடையையும் தொடங்கும் இடத்துக்கு அருகே நகர்த்தியிருக்கிறார்கள், வேகம் பிடித்து வந்து முட்டக் கூடாது என்று. தடைகளுக்குள் முன்பு மரச் சட்டம் இருந்தது. இப்போது வளைந்து கொடுக்கிற பொருள். மேலே லேக் டிஸ்ட்ரிக்ட் காடுகளிலிருந்து வெட்டி வந்த ஊசியிலைக் கிளைகளைச் செருகி மூடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை வேலி.

மேடையிலிருந்து பார்த்தால் அந்தக் கடைசியில் ஓடுவது ஒன்றும் தெரியாது. பீச்சர்ஸ் ப்ரூக் என்ற தடையில் தாண்டும் பக்கத்தைவிட இறங்கும் பக்கம் பள்ளம். கால்வாயை ஒட்டி இருக்கிற கனால் டர்ன் என்ற தடையில் தாண்டிய உடனே தொண்ணூறு டிகிரி இடது பக்கம் திரும்ப வேண்டும். இதையெல்லாம் பெரிய திரையில்தான் பார்த்தோம். ஆனால் பதினைந்தாவது தடை எங்கள் கண் முன்னால். தி சேர் என்று பேர். ஐந்தடி இரண்டங்குல உயரம், அதற்கு முன்னால் ஆறடி அகலப் பள்ளம். குதிரைகள் வருகிற சத்தம் முதலில் காலுக்குத் தெரிந்தது, பிறகுதான் காதுக்கு. கிளைகளை வயிற்றால் உரசிக்கொண்டு தாண்டின. ஊசியிலைத் துணுக்குகள் காற்றில் பறந்தன. ஜாக்கிகள் ஒருவரையொருவர் கத்திக் கூப்பிடுவது கேட்டது. அதற்குள் போய்விட்டன.

இரண்டாம் சுற்றில், இருபத்தைந்தாவது தடையில், முன்னால் போய்க்கொண்டிருந்த பிராட்வே பாய் கழுத்து மடங்குகிற மாதிரி விழுந்தது. எழுபதாயிரம் பேர் இருக்கலாம் என்று தோன்றுகிற கூட்டம், ஒரே மூச்சை உள்ளே இழுத்தது. என் கை மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பிறகு அவள்தான் காட்டினாள், சிவந்து போயிருந்தது.

கடைசித் தடையைத் தாண்டும்போது போட்டி மல்லின்ஸ் குதிரைகளுக்குள்ளேயேதான். ஐ ஆம் மாக்ஸிமஸ் முதுகில் 75 கிலோவுக்கு மேல். நிக் ராக்கெட்டுக்கு அதைவிட ஏறக்குறைய இரண்டு கிலோதான் குறைவு. போன தடவை நன்றாக ஓடிய குதிரைக்கு இந்தத் தடவை அதிகப் பாரம் ஏற்றுவதுதான் இந்தப் பந்தயத்தின் நியாயம். கடைசித் தடைக்கும் கம்பத்துக்கும் இடையில் 494 கெஜம், நடுவில் ஒரு வளைவு. இங்கேதான் 1973-இல் வெகுதூரம் முன்னால் வந்த கிரிஸ்ப் என்ற குதிரை களைத்துத் தள்ளாடி, ரெட் ரம்மிடம் முக்கால் குதிரை நீளத்தில் தோற்றது. ரெட் ரம்மைவிட 23 பவுண்டு எடையை அது கூடுதலாகச் சுமந்துகொண்டு வந்தது. நான் அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிக் ராக்கெட் தள்ளாடவில்லை. பேட்ரிக்கின் நீளமான முதுகு குதிரையின் கழுத்தோடு மடங்கிக் கிடந்தது. இரண்டரைக் குதிரை நீளத்தில் முதலில் வந்தது. இரண்டாவது ஐ ஆம் மாக்ஸிமஸ். மூன்றாவது கிரேஞ்ச்க்ளேர் வெஸ்ட். மூன்றும் ஒரே லாயம். நாலாவது நம்ம ஈரோக்கோ.

என் பக்கத்தில் நின்ற அயர்லாந்துக்காரர், முன்பின் தெரியாதவர், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "அவன் பையன், அவன் சொந்தப் பையன்" என்றார். திரையில் மல்லின்ஸ் முகம். மைக்கை நீட்டுகிறார்கள், அவரால் பேச முடியவில்லை. வாயைத் திறக்கிறார், தொண்டை அடைக்கிறது, தொப்பியைத் தாழ்த்திக்கொள்கிறார். ஜெயிக்க வேண்டிய பந்தயமெல்லாம் ஜெயித்து முடித்தவர். இரண்டு நாள் முன்னால் இதே மைதானத்தில் ஒரு குட்டியை இழந்தவர். அவர் அழுதபோது எனக்கும் கண் நிறைந்தது. என் அப்பா எங்கள் ஊர்ச் சந்தையில் மாட்டுத் தரகர். நான் மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மாட்டைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக வந்து நின்று, எல்லாரும் போன பிறகுதான் என் பக்கம் வந்தார். ஒன்றும் பேசவில்லை. நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம், "இவர் என் அப்பா" என்று.

அப்போதுதான் வலது பக்கம் கவனித்தேன். கடைசித் தடையைத் தாண்டியதும் ஒரு குதிரை கீழே விழுந்து கிடந்தது. ஆட்கள் ஓடினார்கள். பச்சைத் துணி மறைப்பைச் சுற்றி நிறுத்தினார்கள், வாளி வாளியாகத் தண்ணீர் போனது. மறைப்புக்குள் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உடம்பின் சூட்டை உடனே இறக்க வேண்டும், மூச்சு சீராக வேண்டும், நாடி பார்க்க வேண்டும். சுற்றி எல்லாரும் கொண்டாடுகிறார்கள். நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றேன். புத்தகத்தில் தேடினேன்: செலெப்ர் தாலென், 13 வயசு. எழுந்து நின்றுவிட்டது, லாயத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். பிராட்வே பாயும் எழுந்துவிட்டதாம்.

திரும்பும் ரயிலுக்கு ஒன்றே கால் மணி நேர வரிசை. யாரும் முண்டவில்லை. எனக்குக் கால் கடுப்பதைப் பார்த்து, முன்னால் நின்ற இளைஞன் தன் கோட்டை மடித்து நடைமேடைத் திண்டில் போட்டு உட்காரச் சொன்னான்.

ஏப்ரல் 6, ஞாயிறு. மகல்

காலையில் அந்த அம்மா பத்திரிகைகளை மேஜை முழுக்க விரித்து வைத்திருந்தார். பன்றி இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று ஞாபகம் வைத்து எனக்கு மட்டும் தக்காளியும் காளானும் வதக்கியிருந்தார். ஈரோக்கோ நாலாவது வந்ததில் போட்டதற்கு மேல் கொஞ்சம் கிடைத்திருக்கிறது.

நிக் ராக்கெட்டின் சொந்தக்காரர் பெயர் ஸ்டூவர்ட் ஆண்ட்ரூ. குதிரையை அவரும் மனைவி சேடியும் சேர்ந்து வாங்கினார்கள். அந்த அம்மாளுக்குப் புற்றுநோய். 2022 டிசம்பரில் அந்தக் குதிரை முதல் தடவை பந்தயத்தில் ஓடுவதைப் பார்த்தார். ஐந்தாம் நாள் இறந்துவிட்டார். வீட்டுக்கார அம்மா இதைச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கணவர் படம் கெட்டிலுக்கு மேலே அலமாரியில் இருக்கிறது.

1977-இல் ரெட் ரம் மூன்றாம் தடவை ஜெயித்தபோது அவருக்கு முப்பது வயசு. கணவரோடு மைதானத்தில் நின்றிருக்கிறார். பன்னிரண்டு வயசுக் குதிரை, 25 நீளம் முன்னால். கடைசி ஓட்டத்தில் ஜனங்கள் உள்ளே புகுந்து தொட ஓடினார்களாம். அதற்குப் பிறகு மெக்கெய்னுக்கு வெகுகாலம் பெரிய வெற்றி எதுவும் அமையவில்லை. ஒரே குதிரை ஆள் என்று பேசினார்கள். 2004-இல், 73 வயசில், ஆம்பர்லி ஹவுஸ் என்ற இன்னொரு பன்னிரண்டு வயசுக் குதிரையைக் கொண்டுவந்து நாலாவது தடவை ஜெயித்தார். நடுவில் 27 வருஷம். "அந்த 27 வருஷமும் அந்த மனுஷர் விடிகாலையில் எழுந்துதானே லாயத்துக்குப் போயிருப்பார்?" என்றார் அந்த அம்மா. 2011 ஏப்ரலில் மெக்கெய்ன் தன் மகன் டொனால்டு, பாலாபிரிக்ஸ் என்ற குதிரையோடு இதே பந்தயத்தை ஜெயித்ததையும் பார்த்துவிட்டு, செப்டம்பரில் போய்ச் சேர்ந்தார்.

மத்தியானம் கால்வாய்க் கரையில் நடந்தோம். லீட்ஸிலிருந்து லிவர்பூலுக்கு வருகிற பழைய கால்வாய் இந்த ஊர் வழியாகத்தான் எய்ன்ட்ரீ பக்கம் போகிறது. கனால் டர்ன் என்ற பேரே இதனால்தான். படகைக் குதிரைகள் கயிறு கட்டி இழுத்துப் போன கரைப் பாதை, இப்போது நடக்கிறவர்களுக்கு. எதிரே வந்த ஒவ்வொருவரும் தலையசைத்து ஏதாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அன்னம் ஒன்று முட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. எய்ன்ட்ரீ வரை போகவில்லை, பாதியிலேயே கால் வலித்துத் திரும்பிவிட்டோம்.

சாயங்காலம் கிளம்பும்போது மூன்று இரவுக்கு நூற்றெண்பது பவுண்டு எண்ணிக் கொடுத்தேன். இருபதைத் திருப்பிக் கொடுத்தார். வியாழக்கிழமை ராத்திரி நீங்கள் இங்கே வர வேண்டியதாகிவிட்டதே, அதற்காக என்றார். வாங்க மறுத்தேன். கடைசியில் அதை அந்த வரவேற்புப் பெண்ணுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுப்பதென்று முடிவாயிற்று.

ஏப்ரல் 8, செவ்வாய். மான்செஸ்டர்

மகள் வேலைக்குப் போய்விட்டாள். மழை. சாதமும் ரசமும் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது செய்தி பார்த்தேன். செலெப்ர் தாலென் இன்று இறந்துவிட்டது. சனிக்கிழமை தேறி எழுந்து, லாயத்துக்குப் போய், பிறகு நிலைமை மோசமாகியிருக்கிறது. குதிரைக்கு மேற்கொண்டு தெம்பு இல்லை என்று தெரிந்தும் ஓட்டினார் என்று அதன் ஜாக்கிக்குப் பத்து நாள் தடை அன்றைக்கே விதித்திருக்கிறார்கள்.

ரசம் ஆறிப்போனது. பதின்மூன்று வயசு. அந்த வயசுக் குதிரையின் இதயத்தையும் நுரையீரலையும் பற்றி எனக்குத் தெரிந்த அளவில், அதை அங்கே நிறுத்தியிருக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். ரெட் ரம்மும் ஆம்பர்லி ஹவுஸும் பன்னிரண்டு வயசில் ஜெயித்தவை என்று முந்தாநாள்தான் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டையும் எனக்குள் சேர்த்து வைக்க முடியவில்லை. தடையைத் தாழ்த்தினார்கள், எண்ணிக்கையைக் குறைத்தார்கள், அதெல்லாம் சரி. இன்னும் செய்ய வேண்டும். வயசுக்கு ஒரு வரம்பு வேண்டும். கடைசி இரண்டு தடைக்கு முன்னால் குதிரையின் மூச்சைப் பார்த்துவிட்டு 'போதும்' என்று கை காட்டுகிற ஆள் ஒருவர் வேண்டும்.

அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். அவருக்கும் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு "மழையா அங்கே?" என்று கேட்டார்.

ராத்திரி மகள் வந்ததும், "அடுத்த வருஷமும் போலாமா அம்மா?" என்றாள். பந்தயத்துக்கு வேண்டாம் என்றேன். க்ளோசட்டனுக்குப் போக முடியுமா பார், விடிகாலையில், மல்லின்ஸும் மகனும் லாயத்தில் ஒவ்வொரு குதிரையின் காலாகத் தொட்டுச் சூடு பார்க்கிற நேரத்துக்கு. வெளியாட்களை விடுவார்களா என்று தெரியாது. எழுதிக் கேட்கலாம். அவள் மடிக்கணினியைத் திறந்து ஹோலிஹெட்டிலிருந்து டப்ளினுக்குப் போகிற கப்பலின் நேரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். மூன்றே கால் மணி நேரப் பயணம். எனக்குக் கப்பலில் வாந்தி வரும், எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ள வேண்டும்.